மலைப்பாதை ஜீப்புகளில் வின்ச் பம்பர்: வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை என்ன? சட்டம் என்ன சொல்கிறது?

பாலக்காடு/இடுக்கி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள நெல்லியாம்பதி, அட்டப்பாடி, இடுக்கி மாவட்டத்தில் உள்ள சூரியநெல்லி, வாகமண் ஆகிய பகுதிகளின் தோட்டப் பாதைகள் பருவமழைக் காலத்தில் சேறும் வழுக்குப் பாறையுமாக மாறிவிடுகின்றன. தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கும் சூரியநெல்லி வழியாகவே ஜீப்புகள் ஏறுகின்றன. இத்தகைய பாதைகளில் நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனங்கள்கூடச் சிக்கிக்கொள்வது உண்டு. அப்போது அவற்றை மீட்க உதவும் கருவியே வின்ச்.

மின்மோட்டாரால் சுழலும் உருளையில் சுற்றப்பட்ட வடத்தை மரத்திலோ பாறையிலோ பிணைத்து, வாகனம் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள இது வழிசெய்கிறது. வாகனத்துடன் வரும் மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக் பம்பரால் வின்ச்சைத் தாங்க முடியாது. எனவே உரிமையாளர்கள் பட்டறைகளில் தனியாக இரும்பு பம்பர் செய்துகொள்கின்றனர். பலரும் இதனை அலங்காரமாகவே கருதுகின்றனர். ஆனால், டன் கணக்கான விசையைத் தாங்க வேண்டிய இந்த உறுப்பில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து ஏற்படும்.

எவ்வளவு இழுவிசை தேவை?

ஆட்களும் சரக்கும் ஏறிய நிலையில் வாகனத்தின் மொத்த எடை எவ்வளவோ, அதைப் போல் ஒன்றரை மடங்கு இழுவிசை கொண்ட வின்ச்சைத் தேர்ந்தெடுப்பது பொதுவான வழக்கம். மொத்த எடை 2,400 கிலோ எனில் 3,600 கிலோ, அதாவது சுமார் 8,000 பவுண்டு இழுவிசை வேண்டும். சந்தையில் வின்ச்சுகள் பவுண்டு அளவிலேயே குறிக்கப்படுவதால், இந்த எடைக்கு 9,500 பவுண்டு வின்ச் பொருத்தமாக இருக்கும்.

30 டிகிரி சரிவில் நிற்கும் 2,000 கிலோ வாகனத்தைப் புவியீர்ப்பு மட்டுமே 1,000 கிலோ விசையுடன் கீழ்நோக்கி இழுக்கும். சக்கரங்கள் அச்சு வரை சேற்றில் புதைந்திருந்தால், சேற்றின் தடை வாகனத்தின் எடைக்கு நிகராகக்கூட உயரலாம். மேலும், வின்ச்சில் குறிக்கப்படும் திறன் உருளையின் முதல் அடுக்கு வடத்துக்கு மட்டுமே பொருந்தும். வடம் நான்கு அடுக்காகச் சுற்றியிருக்கும்போது இழுவிசை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும்.

விசை எங்கே செல்கிறது?

வடிவமைப்பின் அடிப்படைக் கேள்வி இதுவே. வடம் இழுக்கும் விசை முழுவதும் வின்ச் அமர்ந்துள்ள தகட்டின் வழியாக வாகனத்தின் சேசிஸ் சட்டத்தைச் சென்றடைய வேண்டும். பம்பரின் வெளித்தகடோ வாகன உடலோ அந்த விசையைச் சுமக்கக் கூடாது. தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்சி ஆகியவை ஏணி வடிவ சேசிஸ் கொண்டவை என்பதால் அவற்றில் இத்தகைய இணைப்புக்கு இடமுண்டு. தனிச் சட்டம் இல்லாத கார் வகை எஸ்யூவிகளுக்கு இது பொருந்தாது.

வெளித்தகட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. கனம் போதுமானது. வின்ச் அமரும் தகடு குறைந்தது 6 மி.மீ. கனத்தில், விளிம்புகள் மடிக்கப்பட்டதாக இருப்பது நல்லது. இந்த வகை வின்ச்சுகள் பெரும்பாலானவற்றின் போல்ட் துளைகள் 254 மி.மீ., 114.3 மி.மீ. இடைவெளியில் அமைந்திருக்கும். சேசிஸுடன் இணைக்க 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தர போல்ட்டுகள் அவசியம். சேசிஸில் புதிதாக வெல்டிங் செய்வதும் துளையிடுவதும் அதன் வலிமையைக் குறைக்கக்கூடும். எனவே ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்தி போல்ட் மூலம் பொருத்துவதே பாதுகாப்பானது.

மலைப்பாதை வளைவுகளில் வடம் நேராக அன்றிப் பக்கவாட்டில் இழுக்கப்படுவதே அதிகம். அப்போது ஒரு பக்கத் தாங்கிக்கு மட்டும் கூடுதல் விசை செல்லும். இதனால் இரு பக்கத் தாங்கிகளையும் குறுக்குக் குழாயால் இணைப்பது இன்றியமையாதது.

எடை, கோணம், காற்றோட்டம்

எஃகு வடம் சுற்றிய வின்ச் மட்டுமே 35 முதல் 40 கிலோ எடை கொண்டது. இரும்பு பம்பரின் எடையும் சேரும்போது, முன் அச்சுக்கு முன்னால் பெரும் சுமை தொங்குகிறது. முன்பக்கம் தாழ்கிறது, பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் இயல்பும் மாறுகிறது. செயற்கை இழைக் கயிற்றைப் பயன்படுத்தினால் எடை கணிசமாகக் குறையும்.

முன்சக்கரம் தொடும் முன் பம்பர் தரையில் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவின் அளவு அணுகு கோணம் எனப்படுகிறது. இது 2020-ல் வெளிவந்த தாரில் ஏறத்தாழ 41 டிகிரி, ஜிம்னியில் 36 டிகிரி. கீழே தாழ்ந்து முன்னே நீண்ட பம்பர் இந்தச் சிறப்பையே கெடுத்துவிடும். வின்ச் ரேடியேட்டரை மறைத்தால், குறைந்த வேகத்தில் ஏற்றம் ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். மழைநீர் தேங்கித் துருப்பிடிக்காதிருக்க அடித்தகட்டில் வடிகால் துளைகளும் தேவை. உச்ச இழுவையில் வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கக்கூடும் என்பதால், தடித்த கேபிளும் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் அவசியம்.

ஏர்பேக் பிரச்சினை

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயமாக உள்ளது. மோதலின்போது முன்பகுதி நசுங்கும் விதத்தையும் வேகம் குறையும் அளவையும் கொண்டே ஏர்பேக் விரியும் நேரம் கணக்கிடப்பட்டுள்ளது. சேசிஸுடன் இறுக இணைந்த இரும்பு பம்பர் இந்தக் கணக்கை மாற்றிவிடக்கூடும். பாதசாரி மீது மோதினால் அவருக்கு ஏற்படும் காயமும் கடுமையாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தத் தடையை உறுதிசெய்தது. முன்னதாக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வாகனங்களின் முன்பக்கம் பொருத்தப்படும் தடுப்புக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

2019-ம் ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது மத்தியச் சட்டம் என்பதால் வாளையாறு, போடிமெட்டு, குமுளி என எந்த எல்லையைக் கடந்தாலும் பொருந்தும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் வரலாம். எனவே பட்டறைக்குச் செல்லும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் பெறுவதே முறை.

மாற்று வழி உண்டா?

எப்போதாவது மட்டும் மலைப்பாதையில் செல்வோருக்குக் கையால் இயக்கும் வின்ச் போதுமானது. இதை வாகனத்தின் பின்புறத்தில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நிறுவனமே பொருத்திய இழுவைக் கொக்கியில் மாட்டலாம். ஒரு கப்பியைச் சேர்த்தால் இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால், வாகனத்தை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கான சிறு வளையத்தை இழுவைக் கொக்கி என எண்ணிப் பயன்படுத்தக் கூடாது.

எந்த வகை வின்ச்சாக இருந்தாலும் சில விதிகள் பொதுவானவை. உருளையில் குறைந்தது 5 சுற்று வடம் எஞ்சியிருக்க வேண்டும். செயற்கைக் கயிறு எனில் இன்னும் அதிகம் வேண்டும். மரத்தில் வடத்தை நேரடியாகச் சுற்றாமல் அகலமான பட்டையைப் பயன்படுத்த வேண்டும். அறுந்தால் துள்ளி எழாதிருக்க, வடத்தின் நடுவே கனமான விரிப்பைப் போட வேண்டும். இழுவை முடியும் வரை வடத்தின் நீளத்தைவிடக் கூடுதல் தொலைவில் மற்றவர்கள் நிற்க வேண்டும். வனப்பகுதிக்குள் வாகனம் செல்ல வனத்துறையின் அனுமதியும் அவசியம்.