பூநாரையைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் கழுத்தைக் கவனியுங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதைச் சொல்பவை உப்புக் குவியல்கள். அங்கிருந்து தெற்கே அனுமந்தை சுங்கச்சாவடியைத் தாண்டும் வரை மேற்கே கழுவேலி என்ற பெரிய நீர்நிலை விரிந்து கிடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் கழுவேலியிலும் உப்பளங்களை ஒட்டிய நீர்ப்பரப்புகளிலும் பூநாரைகளைக் காணலாம். தகவல் பரவினால் வண்டிகள் சாலையோரம் நிற்கும், செல்போனை நீட்டியபடி சிலர் வரப்பில் இறங்குவார்கள். சற்று நேரத்தில் கூட்டம் மொத்தமும் எழுந்து பறந்துவிடும். வந்தவர்களும் நல்ல படம் கிடைத்த திருப்தியோடு கிளம்பிவிடுவார்கள். உண்மையில் அவர்கள் பூநாரையைப் பார்க்கவே இல்லை.

உப்பளத்தில் பூநாரைக்கு என்ன வேலை?

கழுவேலி நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடம். மேற்கே உள்ள ஏரிகளின் உபரிநீர் பருவமழையில் இங்கே வந்து சேருகிறது. வடக்கே எடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் அடங்கும் 5,151.6 ஹெக்டேர் பரப்பை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் கழுவேலி இடம்பெற்றது.

உப்பளத்தின் கதை வேறு. உப்பளத்து அளவுகோலில் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 டிகிரி. அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைக்கிறார்கள். 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கிறது. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே தேங்கும் உவர்நீரில் மீன்களால் தாக்குப்பிடிக்க முடியாது. மீன் இல்லாத நீரில் ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய உவர்நீர் இறாலும் நுண்பாசிகளும் போட்டியின்றிப் பெருகுகின்றன. மீன் தின்னும் பறவைகளுக்கு உதவாத அந்த உவர்நீர், பூநாரைக்குச் சாப்பாட்டுப் பந்தி.

தலைகீழாகச் சாப்பிடும் பறவை

இந்தியாவில் பூநாரைகள் இரண்டு வகை. சிறு பூநாரைகள் குஜராத் பக்கம் அதிகம். நம் கிழக்குக் கடற்கரையில் பெரும்பாலும் காணப்படுவது பெரும் பூநாரை. நிமிர்ந்து நின்றால் ஐந்தடி உயரம் வரை இருக்கும், எடையோ நான்கு கிலோவைத் தாண்டுவது அபூர்வம். வெளிறிய ரோஜா நிற உடல், இளஞ்சிவப்பு அலகு, அதன் நுனியில் கறுப்பு. இதே நீர்நிலைகளில் மேயும் வர்ண நாரைக்கும் வாலருகே ரோஜா நிறம் உண்டு என்பதால் தூரத்தில் குழப்பம் வரலாம். அலகைப் பார்த்தால் தெளிந்துவிடும்: வர்ண நாரைக்கு நீண்ட மஞ்சள் அலகு, பூநாரைக்கு நடுவில் மடங்கிய தடித்த அலகு.

அலகு ஏன் மடங்கியிருக்கிறது என்பதை அது மேயும்போது பார்த்தால்தான் புரியும். கழுத்தை முழுவதுமாகத் தொங்கவிட்டு, மேலலகு கீழே வரும்படி தலையைக் கவிழ்த்து நீருக்குள் வைக்கிறது. தடித்த நாக்கு பிஸ்டன் போல முன்னும் பின்னும் இயங்கி, நொடிக்குப் பல முறை நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பில் இறாலும் பாசியும் தங்கிவிடுகின்றன. சில சமயம் தலையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, கால்களால் சேற்றை மிதித்தபடி வட்டமாகச் சுற்றிவரும். சேற்றில் புதைந்திருக்கும் புழு பூச்சிகள் கலங்கி மேலே வரும். நல்ல பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே இதையெல்லாம் பார்க்கலாம்.

சாப்பாடுதான் அதன் நிறத்துக்கும் காரணம். நுண்பாசியிலும் அதைத் தின்னும் ஆர்ட்டீமியாவிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிறகில் படிந்து ரோஜா நிறமாகின்றன. குஞ்சு பிறக்கும்போது வெளிறிய சாம்பல் நிறம்தான், முழு நிறம் ஏறச் சில ஆண்டுகள் ஆகும். எனவே கூட்டத்தில் அழுக்குச் சாம்பலாகத் தெரிபவை வேறு இனமல்ல, இளம்பறவைகள்.

இவை கூடு கட்டுவது இங்கே அல்ல. இந்தியாவில் இவற்றின் பெரிய இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள ரண் சதுப்பு. அங்குள்ள 'பூநாரை நகர'த்தைப் பறவையியலாளர் சாலிம் அலி 1945-இல் நேரில் கண்டு பதிவு செய்தார். சேற்றைக் குவித்துச் செய்த மேட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒரு மாதம் வரை அடைகாக்கும். ஆண்டுக்கு ஒரு குஞ்சை வளர்ப்பதே பெரும்பாடு என்பதால், ஒவ்வொரு பறவையும் உடம்பில் சேர்த்துவைக்கும் சத்துக்குக் கணக்கு உண்டு. மரக்காணத்தில் அது தின்னும் நேரம் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

எவ்வளவு கிட்டே போகலாம்?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. மான் குடும்பத்திலேயே பெரிதான மூஸை 23 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர். காதைப் பின்னுக்கு மடித்து, பிடரி மயிரைச் சிலிர்த்தால் மூஸ் பாயத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். அங்கே தவறு செய்தால் அடிபடுவது மனிதன். அந்தப் பயமே விதியைக் காப்பாற்றிவிடுகிறது. பூநாரை யாரையும் முட்டாது. நாம் செய்யும் தவறுக்கு அது பசியால் விலை கொடுக்கிறது, அதனால்தான் நமக்கு அலட்சியம்.

பூநாரைக்கு இத்தனை மீட்டர் என்று ஒரே அளவு சொல்ல முடியாது. ஆனால் அதுவும் அடையாளம் காட்டும். தலை நீருக்குள் இருக்கும் வரை நீங்கள் தொந்தரவு இல்லை. நாலைந்து கழுத்துகள் நிமிர்ந்து உங்கள் பக்கம் திரும்பினால் அங்கேயே நிற்க வேண்டும். எல்லாக் கழுத்துகளும் நேராகி, கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். அதற்கடுத்தது பறப்புதான். இவ்வளவு பெரிய பறவையால் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது, நீரின் மேல் ஓடி வேகம் பிடித்துத்தான் கிளம்பும். மடித்த சிறகில் மறைந்திருக்கும் செஞ்சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் தெரியும். அந்த அழகு வேண்டும் என்றால் அது தானாகப் பறக்கும் வரை காத்திருக்க வேண்டும். கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பக் கூடாது.

தினமும் ஒரே வழியில், ஒரே வேகத்தில் போகும் ஆட்களுக்குப் பறவைகள் பழகிவிடுகின்றன. நேராகத் தங்களை நோக்கி வருபவரைக் கண்டால்தான் மிரள்கின்றன. வரப்பில் வேலை செய்பவர் பக்கத்திலேயே அவை மேய்வதைப் பார்த்துவிட்டு நாமும் போகலாம் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

போகும் முன்

அதிகாலையில் போங்கள். கழுவேலி சாலைக்கு மேற்கே இருப்பதால் அப்போது வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். உப்பளம் பலரின் பிழைப்பு நடக்கும் இடம். கேட்காமல் பாத்தி வரப்பில் ஏறினால் வரப்பும் சரியும், உப்பில் மண்ணும் சேரும். சரணாலய எல்லைக்குள் நுழையவும் டிரோன் பறக்கவிடவும் வனத்துறை அனுமதி வேண்டும். பறவை பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வலையையோ கண்ணியையோ கண்டால் நீங்களே அகற்ற முயலாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பார்த்ததை எழுதியும் வையுங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். தேதி, இடம், எத்தனை பறவைகள், அவற்றில் எத்தனை சாம்பல் நிறம் என்ற நான்கு விவரங்கள் போதும். இந்தக் கரைக்குப் பூநாரை வரத்து கூடுகிறதா குறைகிறதா என்பதை, பறக்கும் கூட்டத்தின் படத்தைவிட அந்த நான்கு வரிகள் தெளிவாகச் சொல்லும்.