ஒரே கூரை, தனித்தனிப் பூட்டு

பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைத் திருப்பூரில் பார்க்காதவர் இருக்க முடியாது. பத்து வாசல், பத்துப் பூட்டு; தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் மட்டும் ஒன்று. பத்துக் குடும்பத்துக்கும் பத்து போர்வெல் போட வேண்டியதில்லை என்பதால்தான் அந்த வாடகை கட்டுப்படியாகிறது. சர்வருக்குள் இருக்கும் ‘கண்டெய்னர்’ இப்படியொரு லைன் வீடுதான்.

சர்வரின் நினைவகத்தையும் செயலியையும் ஆளும் மென்பொருள், கெர்னல். ஒரே சர்வரைப் பல தனிக் கணினிகள்போல் பிரிக்கும் மெய்நிகர் கணினி முறையில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சொந்தக் கெர்னல் உண்டு. கண்டெய்னர்களுக்கோ எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதனால் நொடியில் தொடங்கும், நினைவகமும் மிச்சம். ஏற்றுமதி ஆர்டர் கணக்கு, சம்பளப் பட்டியல், இணையதளம் மூன்றையும் ஒரே இயந்திரத்தில் ஒன்றையொன்று தொடாமல் ஓட்டலாம்.

இந்தப் பிரிப்பு படிப்படியாக வந்தது. 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் வந்த ‘சிஹெச்ரூட்’ கோப்புகளை மட்டுமே மறைத்தது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் ‘ஜெயில்’ அடுத்தவரின் நிரல்களையும் மறைத்தது. லினக்ஸில் அந்த வேலையை ‘நேம்ஸ்பேஸ்’ செய்கிறது. ஆனால் மறைத்தால் மட்டும் போதுமா? ஒரு குடித்தனமே தொட்டியைக் காலி செய்துவிட்டால்? அதற்குத்தான் ‘சிகுரூப்’. கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய இது, 2008இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இவ்வளவு கழிவுநீர்தான் விடலாம் என்பதுபோல, இந்தக் கண்டெய்னருக்கு இவ்வளவு நினைவகம் என்று வரம்பு. மீறினால் அதற்குள் ஓடும் நிரலைக் கெர்னலே நிறுத்திவிடும். 2013இல் வந்த ‘டாக்கர்’ மென்பொருள் இவற்றையெல்லாம் சாதாரண நிரலாளரின் கைக்குக் கொண்டுவந்தது.

பொதுவில் இருப்பது பழுதானால் எல்லோருக்கும் நஷ்டம். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் சேர்த்தே மூடச் சொன்னதைத் திருப்பூர் மறக்காது. கண்டெய்னரிலும் அதே ஆபத்து உண்டு. கண்டெய்னர்களைத் தொடங்கிவைக்கும் ‘ரன்சி’ மென்பொருளில் 2019 பிப்ரவரியில் ஓர் ஓட்டை வெளியானது. தீய கண்டெய்னர் ஒன்று அதன் வழியாக முழு சர்வரையும் கைப்பற்ற முடிந்தது.

ஆகவே ஒரே நிறுவனத்தின் வேலைகளைப் பிரிக்கக் கண்டெய்னர் போதும். போட்டியாளர்கள் இருவரின் விலைப்பட்டியலைப் பிரிக்க அது மட்டும் போதாது; மெய்நிகர் கணினியும் வேண்டும். உங்கள் ஆர்டர் விவரம் வெளியார் சர்வரில் இருந்தால், பக்கத்துக் குடித்தனம் யாருடையது, கெர்னலைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற இரண்டையும் இன்றே கேளுங்கள்.