தோட்டப் பூச்சிகளுக்கு வேப்பம்பருப்புக் கரைசல்

கத்தரி, வெண்டை முதலிய செடிகளில் அசுவினி கூடிச் சாற்றை உறிஞ்சுமாயின், இலை சுருண்டு காய்ப்புக் குன்றும். குடியானவரின் சந்தை வரும்படியும் குறையும். இதற்குக் கடைமருந்து தேடவேண்டுவதில்லை.

உலர்ந்த வேப்பம்பருப்பு 500 கிராமை இடித்துத் துணியில் முடிந்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைக்கவும். மறுநாள் நன்கு பிழிந்து வடிகட்டி, 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்க்கவும். வெயிலில் வீரியம் கெடுமாதலால், அன்று மாலையே இலையின் அடிப்புறமும் நனையத் தெளித்தல் வேண்டும்.

இது பூச்சியை உடனே கொல்லாது. தின்னவொட்டாமலும் வளரவொட்டாமலும் தடுக்கும். ஆகவே பூச்சி பெருகுமுன் தெளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்கவும். புகையிலைக் கஷாயமோ மனிதர்க்கும் நஞ்சாகும். உண்ணும் காய்களுக்கு அது தகாது.

ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழங்களைச் சங்க அங்கத்தினர் கூடிச் சேகரித்து, கொட்டைகளை நிழலில் உலர்த்தி வைப்பின், அனைவர்க்கும் செலவு மிச்சமாம்.