பஸ்ஸில் ஏறிய நகையும் அவலமும்

நகைச்சுவை என்றவுடன் கவலையற்ற சிரிப்பையே நாம் எண்ணுகின்றோம். ஆனால், வாயில் தோன்றும்போதே நெஞ்சில் ஓர் உறுத்தலையும் உடன்கொண்டு வரும் சிரிப்பும் உண்டு. சாவு, நோய், வஞ்சனை, விபத்து என அஞ்சத்தக்க பொருள்களைக் கொண்டே நகை விளைவிக்கும் கலையை மேல்நாட்டார் கரிய நகைச்சுவை என்பர். நாம் அதனை அவல நகை என்று வழங்கலாம். திரைப்பட உலகில் இவ்வவல நகைக்கு மிகவும் உகந்த களமாக அமைந்தது ஒரு பஸ் வண்டி. புறப்பட்ட நேரமே சரியில்லாத பஸ் பிரயாணம் ஒன்றைக் கதையாகக் கொண்ட படங்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. இதற்கு பஸ் ஏன் ஏற்றதாயிற்று? துன்பத்தைக் கண்டு நகைப்பது தகுமா? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

முதல் வினாவுக்கு விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், சூரியன் படுகின்ற படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை அமைந்திருக்கின்றது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில், மண்முனைத் துறையில் நீரைக் கடக்கப் பாதையையே மக்கள் நம்பியிருந்தனர். இவ்வூரார் பாதை என்பது தெருவை அன்று. வாவியின் குறுக்கே மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையையே அவ்வாறு அழைப்பர். நெல் மூடையுடன் நிற்கும் கமக்காரரும், வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளியும், மணவீட்டுக்குப் போகும் உறவினரும் அதன் ஒரே தட்டில் நின்றனர். பாதை தாமதித்தால் அனைவருக்கும் தாமதமே. செல்வர்க்கு ஒரு கரை, வறியர்க்கு ஒரு கரை என்பது அங்கே இல்லை.

பஸ்ஸின் இயல்பும் இதுவே. ஒருவரையொருவர் அறியாத நாற்பது பேர் ஒரு கூரையின் கீழ் அடைபடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் அவசரம் உண்டு. ஆனால் வண்டியின் போக்கோ சாரதி ஒருவரின் கையில் இருக்கின்றது. வீட்டில் சண்டையிட்டவர் வேறு அறைக்குச் செல்லலாம். பஸ்ஸில் சண்டையிட்டவர் அதே இருக்கையில் இறங்குமிடம் வரையில் அமர்ந்தேயாக வேண்டும். திட்டத்துக்கும் நடப்புக்கும் இடையிலுள்ள பிளவே நகையின் பிறப்பிடம். கால அட்டவணையும், பழுதாகும் இயந்திரமும், மனிதரின் பிடிவாதமும் ஒன்றுகூடும் இடத்தில் அப்பிளவு தானாகவே விரிகின்றது.

தமிழில் இதற்குச் சிறந்த சான்றாக விளங்குவது 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ என்னும் படம். திருமலை, மகாலிங்கம் ஆகிய இருவரும் இணைந்து இயக்கிய இப்படத்தில் ரவிச்சந்திரனும் கல்பனாவும் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். நகைச்சுவையின் பெரும்பாரத்தை நாகேஷ் தாங்கினார். சினிமாவில் நடிக்கும் ஆசையால் வீட்டை விட்டு வெளியேறிய ஒரு பெண், கொலை ஒன்றைக் கண்ணாற் கண்டு விடுகின்றாள். கொலையாளிகள் தொடர, உயிர் தப்பும் பொருட்டுப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறுகின்றாள். அவளுக்கு அது உயிர்ப் போராட்டம். உடன் பிரயாணம் செய்வோருக்கோ அது சாதாரண பஸ். ஒருபுறம் கொலைகாரன் துரத்துகின்றான். மறுபுறம் ஒரு சிறுவன் பகோடா வேண்டுமென அடம்பிடிக்கின்றான். இந்த வேடத்தினாலேயே அச்சிறுவன் பிற்காலத்தில் பகோடா காதர் என்று பெயர் பெற்றான். கொலையையும் பகோடாவையும் ஒரே வண்டியில் ஏற்றியதே இப்படத்தின் நுட்பம். பெரும் ஆபத்தின் அருகிலும் மனிதப் பசி தன் சிறிய கோரிக்கையை விடுவதில்லை என்ற உண்மையை அது நகையாக்கிக் காட்டுகின்றது.

1972இல் இக்கதை ‘பம்பாய் டு கோவா’ என்ற பெயரில் ஹிந்தியில் எடுக்கப்பட்டது. எஸ். ராமநாதன் இயக்கினார்; மெஹமூத் நடத்துநராகத் தோன்றினார்; அமிதாப் பச்சன் கதாநாயகனாக நடித்தார். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பகோடாவுக்கு ஏங்கும் பிள்ளையின் குடும்பம் ஹிந்திப் படத்தில் தென்னிந்தியக் குடும்பமாகக் காட்டப்பட்டது. தமிழ்ப் படத்தில் நம்மை நாமே பார்த்துச் சிரித்த சிரிப்பு, அங்கே பிறர் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பாக மாறிவிட்டது. நகை ஒன்றேயாயினும், அது எந்த இருக்கையிலிருந்து எழுகின்றது என்பதைப் பொறுத்து அதன் சுவை வேறுபடுகின்றது.

அவல நகையின் ஆழத்தைக் காண வேண்டுமாயின் மெக்சிக்கோவுக்குச் செல்ல வேண்டும். ஸ்பானிய நாட்டில் பிறந்த லூயி புனுவெல் 1952இல் அங்கே உருவாக்கிய படத்தின் பெயருக்கு ‘வானுலக ஏற்றம்’ என்று பொருள். கதை இது. ஓர் இளைஞனின் திருமண வேளையில் தாய் மரணப் படுக்கையில் வீழ்கின்றாள். பேராசை கொண்ட மூத்த புதல்வர் சொத்தைக் கைப்பற்றாதிருக்க மரண சாசனத்தைச் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். வழக்கறிஞரை நாடி இளைஞன் பஸ் ஏறுகின்றான். வண்டியிலேயே ஒரு பெண் பிள்ளை பெறுகின்றாள். வண்டி ஆற்றில் புதைகின்றது. சாரதியோ தன் தாயின் பிறந்தநாளைக் கொண்டாட வண்டியைத் தன் வீட்டுக்குத் திருப்பிவிடுகின்றான். திரும்பும் வழியில், பாம்பு தீண்டி இறந்த ஒரு சிறுமியின் சவப்பெட்டி அதே பஸ்ஸில் ஏற்றப்படுகின்றது. இளைஞன் வீடு சேரும்போது தாய் இறந்து கிடக்கின்றாள். அவன் உயிரற்ற அவளது பெருவிரலைப் பற்றிச் சாசனத்தில் கைநாட்டுப் பதிக்கின்றான்.

பிறப்பும் இறப்பும் ஒரே பஸ்ஸில் பிரயாணம் செய்கின்றன. நாம் அப்படத்தில் சிறுமியின் சாவைப் பார்த்தா சிரிக்கின்றோம்? இல்லை. அந்தக் காட்சியில் படமும் அடங்கிவிடுகின்றது. தாயின் சாவுக்கும் நாம் சிரிக்கவில்லை. தாயின் வாக்கை நம்பாது அவளது விரலை மட்டும் நம்புகின்ற சட்டமும், சாவுக்காகக் காத்திருக்கும் பேராசையுமே அங்கே நகைக்கு இலக்காகின்றன. காலணி அணிந்த கால் வழுக்கினால் நகைக்கலாம். ஊன்றுகோல் கொண்ட கால் வழுக்கினால் கைகொடுக்க வேண்டும். இவ்வேறுபாட்டை அறிந்தவனே இக்கலையில் வல்லவன்.

அவுஸ்திரேலியாவின் பாலைநிலம் இவ்வகைப் படங்களுக்கு மற்றொரு சிறப்பை அளித்தது. 1994இல் ஸ்டீபன் எலியட் இயக்கிய ‘பிரிசில்லா’ என்ற படத்தில், பெண் வேடமிட்டு ஆடும் இரு கலைஞரும் பெண்ணாக மாறிய ஒருவரும் சிட்னியிலிருந்து நாட்டின் நடுவேயுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு ஒரு பழைய பஸ்ஸில் புறப்படுகின்றனர். ஆளரவமற்ற மணல்வெளியில் வண்டி நின்றுவிடுகின்றது. வழியிலுள்ள ஊர்களில் அவர்களுக்கு இகழ்ச்சியும் அடியும் கிடைக்கின்றன. பாலையில் அவர்களை முதலில் மனமுவந்து வரவேற்பவர் அந்நாட்டின் ஆதிக்குடியினரே. பஸ் நின்ற இடத்தில்தான் மனிதர் ஒருவரையொருவர் காணத் தொடங்குகின்றனர் என்பதே இப்படத்தின் பொருள்.

இவ்வகை நகை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். பிறரை எள்ளுதல், இளமைத்தன்மை, அறியாமை, மடமை ஆகியவற்றிலிருந்து நகை பிறக்கும் என்பது அவர் கருத்து. மட்டக்களப்பின் கூத்துக்களிலும் மன்னர் போரும் மாதர் புலம்பலும் நிறைந்த கதையினிடையே நகை தன் இடத்தைப் பெற்றே வந்துள்ளது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் கர்ணபரம்பரைக் கதையும் இங்கே எண்ணத்தக்கது. ஆலயத்தை அழிக்க வந்த போர்த்துக்கேயர், இந்தக் கல் எருது புல் தின்னுமோ என்று ஏளனம் செய்தனராம். கல் நந்தியோ எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். வந்தவர் அஞ்சி ஓடினராம். நந்தி எழுந்ததும் புல் உண்டதும் பக்தியால் விளைந்தவை. சாணமிட்டது என்ற பகுதியோ சிரிக்கத் தெரிந்த மக்களால் பேணப்பட்டது. ஆயுதம் ஏந்தி வந்தவனின் செருக்கு நகைப்புக்கு உரியது. அவன் முன் அஞ்சி நின்றவரின் துயர் நகைப்புக்கு உரியதன்று. இந்த நெறியை அக்கதை எவ்வளவு எளிதாக உணர்த்துகின்றது!

இரண்டாம் வினாவுக்கு இனி வருவோம். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். இழப்பைக் கண்ட இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, சாவு ஏறிய பஸ்ஸைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று ஒருவர் கேட்பது நியாயமே. 2011இல் எம். சரவணன் இயக்கிய ‘எங்கேயும் எப்போதும்’ என்ற தமிழ்ப்படம் இதற்கு ஒரு வகையில் விடை தருகின்றது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ஓடும் இரு பஸ்கள் மோதப்போகின்றன என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துவிடுகின்றோம். அதன் பின் பிரயாணிகளின் காதலும் கேலியும் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு சிரிப்பும் இறுதியில் ஓர் இழப்பாக நம்மிடம் திரும்பி வருகின்றது. மோதல் நிகழும் கணத்தில் அப்படம் நகையை முற்றாக நிறுத்திவிடுகின்றது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருப்பதே அதன் கண்ணியம்.

துன்பம் கண்டவர் சிரித்தலாகாது என்பது துன்பம் காணாதவர் விதிக்கும் விதி. செத்த வீட்டிலும், இறந்தவரின் குறும்பொன்றை யாரேனும் எடுத்துச் சொல்ல, அழுத கண்களோடே சுற்றத்தார் சிரிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அச்சிரிப்பு இறந்தவரைச் சிறுமைப்படுத்துவதில்லை; அவரை ஒரு கணம் மீண்டும் நம்மிடையே அமர வைக்கின்றது.

ஆகவே, நேயர்களே, இத்தகைய படம் ஒன்றைக் காணும்போது ஒரே ஒரு வினாவை மனத்திற் கொள்ளுங்கள். இச்சிரிப்பு யார்மேல் விழுகின்றது? வீழ்ந்தவன்மேல் விழுமாயின் அது கொடுமை. வீழ்த்தியவனின் செருக்கின்மேலும், நம் எல்லோருக்கும் பொதுவான பேதைமையின்மேலும் விழுமாயின் அது அறிவு. பஸ்ஸில் ஏறியவர் எவரும் வழியில் என்ன நேரும் என்பதை முன்கூட்டி அறியார். பக்கத்து இருக்கையில் இருப்பவருடன் சேர்ந்து சிரிக்க முடிந்தவரோ, இடர் நேரும்போது அவருடன் சேர்ந்து வண்டியைத் தள்ளவும் இறங்குவர்.