நெய்வேலிச் சுரங்கமும் நம் வயலின் மேல்மண்ணும்

பாலாற்றங்கரையில், பழையசீவரத்தில், ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் தண்ணீர் இறைக்க ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தேவை. அந்த மின்சாரம் நெய்வேலியிலிருந்து வருவதாக வைத்துக்கொண்டால், அதற்கு ஏறத்தாழ 4 கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். அந்த 4 கிலோ கரியை வெளியே எடுக்க, அதன் மேலே கிடந்த மண்ணில் ஒரு கூடையாவது அகற்றப்பட்டிருக்கும். நாம் பார்க்காத அந்தக் கூடை மண்ணைப் பற்றியே இக்கட்டுரை.

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, தண்ணீருடன் கரிய பொருள் வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெளிவாயிற்று. 1956-இல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. 600 மெகாவாட் திறன் கொண்டிருந்த அந்நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. புதிய நிலையங்கள் அதன் இடத்தில் இயங்குகின்றன.

மின் நிலையத்தைச் சுரங்கத்தின் வாயிலிலேயே அமைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். ரயிலில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பினால் தண்ணீருக்கும் கூலி கொடுத்ததாகும். குவித்து வைத்தாலோ தானே தீப்பிடிக்கும். ஆகவே வெட்டிய கரி ஓடும் பட்டையில் ஏறி நேரே கொதிகலனுக்குப் போகிறது.

இது குகை போன்ற சுரங்கம் அன்று, திறந்தவெளிச் சுரங்கம். கிழங்கு எடுக்க மேல்மண்ணைத் தள்ளுவது போல, பல பத்து மீட்டர் ஆழத்திற்கு மண்ணையும் மணற்கல்லையும் அகற்றிய பிறகே கரி கிடைக்கும். ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலான மண் புரள்கிறது. பெரிய சக்கரத்தில் வாளிகள் பொருத்திய இயந்திரங்கள் இரவு பகலாக மண்ணை வெட்ட, பட்டைகள் அதைச் சுமந்து, கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டுகின்றன. பள்ளம் நிரம்பிவிடும். ஆனால் நிரம்பியது வயலாகிவிடாது. இதை நம் உழவர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

நிலத்தின் உயிர் மேலுள்ள ஓர் அடியில்தான் இருக்கிறது. மக்கிய வேர், மண்புழு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், தாத்தா காலம் முதல் போட்ட தொழு உரம் எல்லாம் அங்கேதான். பத்து மீட்டருக்குக் கீழே இருந்து வந்த மண்ணில் இவை இல்லை. அடிமண் மேலேயும் மேல்மண் அடியிலேயும் போய்விட்டால், கொட்டிய மேட்டில் மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடி, வாய்க்கால் வாய்க்காலாக அரித்துவிடும். தழைச்சத்தும் அங்ககச் சத்தும் பெயருக்குத்தான் இருக்கும். மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்து, தாழ்வான குவியலாக வைத்து, அதன் மேல் பயறுவகைப் பயிர் வளர்த்து, அதிக நாள் காக்கவைக்காமல் திரும்பப் பரப்பினால் நிலைமை வேறு. உயரமாகக் குவித்தால் காற்றோட்டம் இன்றி உள்ளே உள்ள நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். நெய்வேலியில் மண் கொட்டிய மேடுகளில் மரங்கள் வளர்க்கப்பட்டுள்ளன. பயிர் செய்தும் பார்க்கப்பட்டுள்ளது. பசுமை கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆயினும் மரம் நிற்கும் மேடும், மூன்று போகம் கண்ட நஞ்சையும் ஒன்றல்ல என்பது என் கருத்து.

தண்ணீர் இன்னொரு சங்கதி. கரிப் படுகைக்கு அடியில் நீரூற்று அழுத்தத்துடன் நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் விசை. அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்து மேலெழும். எனவே கரி எடுக்கும் வரை பம்புகள் நிற்க முடியாது. இறைத்த நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்துக்கு உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஏரி நிரம்பும்போது, முன்பு தானே பொங்கி வழிந்த ஆர்ட்டீசியன் ஊற்றுகளை நம்பி இருந்த இன்னொருவர் ஆழ்துளைக்குச் செலவழிக்கிறார்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இரண்டாம் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலுக்காக, வயலில் நின்ற நெற்பயிரினூடே இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். உழவரோ அதில் உழுது விதைத்திருந்தார். பயிருக்கு ஏக்கருக்கு ரூ.40,000 வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், டெல்டாவின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து மத்திய அரசு நீக்கியது.

"அது கரி இருக்கிற ஊர்க் கவலை ஐயா, நம்ம ஊரிலே கரி ஏது?" என்று பழையசீவரத்தில் ஒரு பெரியவர் கேட்டார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் கரி இல்லைதான். ஆனால் சுரங்கம் இல்லாமலே மேல்மண்ணை இழக்கும் வழி ஒன்று நம்மிடம் இருக்கிறது. கைச்செலவுக்கு இடர்ப்படும்போது செங்கல் சூளைக்கு மண் விற்பதைத்தான் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அடி மண் என்பது 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் மண். மூன்று யூனிட் லாரிக்கு 145 நடை. எடையில் சுமார் 1,600 டன். அதில் அங்ககக் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்கு என்று வைத்துக்கொண்டாலும் 8 டன் கரிமம் போய்விடுகிறது. ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட்டால், அதில் கரிமம் முக்கால் டன் இருந்தால் அதிகம். அதிலும் பெரும்பகுதி மக்கும்போதே காற்றில் கலந்துவிடும். ஒரு முறை வாங்கிய பணத்தை எத்தனை ஆண்டு எருவாகத் திருப்பிப் போட வேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம். வெட்டிய வயல் பக்கத்து வயலைவிடத் தாழ்ந்து போவதால், ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் வடியாமல் தேங்கும்; அண்டை வயலின் வரப்பும் சரியும். இதனால் எழும் சச்சரவைச் சொல்லவே வேண்டாம்.

செங்கல் வேண்டாமா என்று கேட்கலாம். அதற்கு மாற்று அனல்மின் நிலையத்திலேயே இருக்கிறது. செங்கல் சூளைகள் மேல்மண்ணைத் தின்பதைத் தடுக்கவேண்டும் என்ற நோக்கத்துடனேயே, அனல் நிலையங்களின் சுற்றுப்புறத்தில் செங்கலுக்கு உலர்சாம்பலைப் பயன்படுத்தும்படி மத்திய அரசு 1999-இல் விதி செய்தது. வட சென்னை அனல் நிலையம் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. வீடு கட்டுவோர் சாம்பல் கல்லை விசாரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சாம்பலை மண்ணுக்கு மருந்து என்று யாராவது சொன்னால், மண் பரிசோதனை செய்யாமல் வயலில் கொட்ட வேண்டாம். களர் நிலத்தில் அது கெடுதலையே செய்யும். போரான் போன்றவை மிகுந்து பயிர் கருகவும் கூடும்.

நெய்வேலிக் கரி நம் வயலுக்கு நேரே வரும் வழியும் ஒன்று உண்டு. அசோஸ்பைரில்லம், ரைசோபியம் பொட்டலங்களில் உள்ள கரிய தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிதான். புளிப்பை நீக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்து, அதில் நுண்ணுயிரை வளர்த்துத் தருகிறார்கள்.

ஏற்கெனவே மண் வெட்டிக் கொடுத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். வயலைச் சமன்படுத்தி, வரப்பை உயர்த்தி, தாழ்ந்த மூலையில் வடிகால் விடுங்கள். கோடை மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் ஆண்டில் அதை விட்டுவிடாதீர்கள். தொழு உரம் ஏக்கருக்கு 5 டன் இடுங்கள். முதல் ஆண்டே நெல்லுக்கு ஆசைப்படாமல் கொள்ளு அல்லது உளுந்து விதையுங்கள். விதையை ரைசோபியத்துடன் ஆறிய அரிசிக் கஞ்சி சேர்த்துக் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கவும். இரண்டாம் ஆண்டும் பசுந்தாள் உரப்பயிர் போட்ட பிறகு நெல் நடலாம். நடவு வயலுக்கு ஏக்கருக்கு 4 பொட்டலம் அசோஸ்பைரில்லத்தைப் பத்துக் கிலோ மக்கிய எருவுடனும் பத்துக் கிலோ மண்ணுடனும் கலந்து தூவுங்கள். அடிமண் வெளிப்பட்ட வயலில் துத்தநாகக் குறை தெரியும் என்பதால், கடைசி உழவுக்குப் பின் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து இடவும். இதை இரசாயன மணிச்சத்து உரத்துடன் சேர்த்து இடக்கூடாது.