லினக்ஸ் சர்வர் கோர்ஸுக்கு 50,000 ரூபாய் கட்டலாமா? சேலம், நாமக்கல் சம்பளக்காரங்களுக்கு ஒரு கணக்கு

"ப்ரோ, ஐ.டி. சப்போர்ட்ல இருக்கேன். கைக்கு 20,000 வருது. லினக்ஸ் அட்மின் கோர்ஸ் சேர்ந்தா சம்பளம் ஏறும்னு சொல்றாங்க, ஈ.எம்.ஐ.யும் போட்டுத் தர்றாங்களாம். சேரலாமா?" சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருக்கிறவங்க கேக்குற கேள்வி இது. வீடியோவில ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல. அதனால கணக்கோட இங்க எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்த வேலைய கத்துக்கிறது நல்ல முதலீடுதான். ஆனா கத்துக்கிறதும் கோர்ஸுக்குப் பணம் கட்டுறதும் ஒண்ணு இல்ல.

இலவச சாஃப்ட்வேருக்கு ஏன் சம்பளம் தர்றாங்க?

லினக்ஸ 1991ல ஃபின்லாந்துல படிச்சுட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சார். இன்னைக்கு உலகத்தோட டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல்ல இருக்கிற அத்தனையும் லினக்ஸ்லதான் ஓடுது. 2017 நவம்பர்ல இருந்து இதுதான் நிலைமை. நீங்க தினமும் பாக்குற பெரும்பாலான வெப்சைட், ஆப் எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கும்.

திருச்செங்கோடு பக்கம் ரிக் வண்டி எத்தனையோ இருக்கு. வண்டி நின்னா தண்ணி வராது, அதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். பாறைக்குள்ள பிட் மாட்டிக்கிட்டா பதறாம வெளிய எடுக்கத் தெரிஞ்ச ஆளுக்குத் தனி மதிப்பு. சர்வரும் அப்படித்தான். சாஃப்ட்வேர் இலவசம், ராத்திரி 2 மணிக்கு அது படுத்துட்டா எழுப்பத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் சம்பளம்.

வேலைன்னு பாத்தா இவ்வளவுதான்: யூசர் உருவாக்குறது, யாருக்கு எந்த ஃபைல் அனுமதின்னு வைக்கிறது, டிஸ்க் நிறைஞ்சா இடத்தைப் பெருக்குறது, சர்வீஸ் நின்னா ஏன் நின்னுச்சுன்னு லாக் பாத்துக் கண்டுபிடிக்கிறது, ஃபயர்வால், பேக்கப், அப்டேட். படிச்சா ஒரு வாரத்துல புரிஞ்சிடும். கைப்பழக்கம் வர்றதுக்குத்தான் மாசக்கணக்காகும்.

பரீட்சையே கை வேலைதான்

இந்தத் துறையில அதிகம் மதிக்கப்படுற ஆரம்பச் சான்றிதழ் ரெட் ஹேட் கம்பெனியோட ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வு எண் இ.எக்ஸ். 200. இதுல 'சரியான விடையைத் தேர்ந்தெடு'ங்கிற கேள்வியே கிடையாது. உங்க முன்னாடி லினக்ஸ் மெஷின் இருக்கும், 3 மணி நேரம், கொடுத்த வேலைகளைச் செஞ்சு முடிக்கணும். இன்டர்நெட் கிடையாது. 300க்கு 210 எடுத்தா பாஸ். சான்றிதழ் 3 வருஷம் செல்லும்.

முக்கியமான விதி ஒண்ணு இருக்கு. நீங்க செஞ்ச மாற்றம் மெஷினை ரீபூட் பண்ணின பிறகும் நிக்கணும். புது டிஸ்க்கை இணைச்சீங்க, அப்போதைக்கு வேலை செஞ்சது, ஆனா எஃப்.எஸ்.டேப் ஃபைல்ல ஒரு எழுத்து தப்பு. ரீபூட் பண்ணினா சர்வர் பாதியிலயே நின்னுடும். இதை யாரும் நோட்ஸ் கொடுத்து சொல்லித்தர முடியாது. நாலு தடவ சர்வரை நீங்களே உடைச்சு, நீங்களே சரி பண்ணினாதான் வரும்.

அதனாலதான் சொல்றேன், கோர்ஸ் ஃபீஸ்ல நீங்க வாங்குறது பாடத்தை இல்ல, பழகுற மணி நேரத்தை. அந்த மணி நேரம் வீட்டுலயே கிடைக்குமான்னு முதல்ல பாருங்க.

மூணு வழி, மூணு செலவு

கீழ இருக்கிற தொகை எல்லாம் கணக்குப் புரியுறதுக்காக நான் வச்சுக்கிட்டது. உங்க தொகையைப் போட்டு மறுபடி கணக்குப் பண்ணிக்கோங்க. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 20,000. கத்துக்கிட்ட பிறகு மாசம் 5,000 ஏறுதுன்னு வச்சுக்குவோம்.

வழி 1: வேலையை விட்டுட்டு பெங்களூரு இல்ல சென்னை போய் 3 மாசம் படிக்கிறது. ஃபீஸ் 45,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 53,100. ஹாஸ்டல், சாப்பாடு மாசம் 10,000ன்னா 30,000. வராம போற சம்பளம் 60,000. மொத்தம் 1,43,100. போட்ட பணம் திரும்ப வர 29 மாசம் ஆகும்.

வழி 2: வேலையில இருந்துக்கிட்டே வார இறுதி கிளாஸ். செலவு 53,100. திரும்ப வர 11 மாசம்.

வழி 3: வீட்டுல சொந்தமா பழகி, நேரா பரீட்சை எழுதுறது. லேப்டாப் ரேம் கூட்ட 3,000, பரீட்சைக் கட்டணம் 25,000ன்னு வச்சுக்குவோம் (இன்றைய கட்டணத்தை ரெட் ஹேட் தளத்துல பாத்துக்கோங்க). மொத்தம் 28,000. ஆறு மாசத்துக்குள்ள திரும்பிடும்.

முதல் ரெண்டு வழியில பரீட்சைக் கட்டணம் ஃபீஸ்ல அடங்கிருக்கான்னு கேளுங்க. பல இடத்துல அது தனி.

முதல் வழில பெரிய செலவு ஃபீஸ் இல்ல பாத்தீங்களா? வராம போன சம்பளம். விளம்பரத்துல அந்த எண் எங்கயும் இருக்காது.

'நோ காஸ்ட் ஈ.எம்.ஐ.'ங்கிற வார்த்தை

53,100ஐ 12 மாசமாப் பிரிச்சா மாசம் 4,425. 20,000 சம்பளத்துல இது 22 சதவீதம். வீட்டு வாடகை, பைக் டியூ, அப்பா அம்மாவுக்குக் கொடுக்கிறது எல்லாம் போக இதைத் தாங்க முடியுமா?

அதை விட முக்கியம், இது இன்ஸ்டிட்யூட்டுக்குத் தவணை கட்டுறது இல்ல. பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்க பேர்ல கடன் போட்டு, மொத்தப் பணத்தையும் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுத்துடும். நடுவுல கிளாஸ் பிடிக்கலன்னு நின்னாலும் கடன் நிக்காது. தவணை தவறினா சிபில் ஸ்கோர் அடி வாங்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கும்போது அது முன்னாடி வந்து நிக்கும். 'ஜீரோ வட்டி'ன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிருச்சு. வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்கும், ஃபீஸ்லயோ பிராசஸிங் சார்ஜ்லயோ.

ஆப் வழியா கடன் போடுறாங்கன்னா, மொத்த வருடாந்திரச் செலவைக் காட்டுற 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' கொடுத்தே ஆகணும். அபராதம் இல்லாம கடனைத் திருப்பிக் கொடுத்து வெளிய வர ஒரு கூலிங் ஆஃப் காலமும் உண்டு. ரெண்டும் ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டையும் கேளுங்க.

'வரி மிச்சமாகும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வரிக் கழிவுல வர்ற படிப்புக் கட்டணம் பிள்ளைங்களோட முழுநேரப் படிப்புக்கு, உங்க சொந்த கோர்ஸுக்கு இல்ல. அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான்.

இதையே திருப்பிப் போடுங்க. அதே 4,425ஐ ஆறு மாசம் ஆர்.டி.யில போட்டா 26,550 சேரும், வட்டி தனி. அந்த ஆறு மாசம் வீட்டுல பழகுங்க. முடிவுல பரீட்சைக்குப் பணமும் ரெடி, கையும் ரெடி. பிடிக்காம பாதியில விட்டீங்கன்னா, பணம் உங்ககிட்டயே இருக்கு. கடன் வாங்கிப் படிச்சா இந்த வசதி இல்ல.

வீட்டு லேப்: என்ன வேணும்?

8 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப் போதும். வர்ச்சுவல்பாக்ஸ்ங்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, அதுக்குள்ள 2 ஜி.பி. வீதம் ரெண்டு சர்வர் உருவாக்குங்க. உள்ள அல்மாலினக்ஸ் இல்ல ராக்கி லினக்ஸ் போடலாம். ரெண்டும் ரெட் ஹேட் மாதிரியே நடக்கும், ரெண்டும் இலவசம். ஒரிஜினல் ரெட் ஹேட்டே வேணும்னா, தனிநபருக்கு 16 மெஷின் வரைக்கும் டெவலப்பர் சப்ஸ்கிரிப்ஷன் இலவசமாவே தர்றாங்க.

ஸ்கூல்ல அரசு லேப்டாப் வாங்கினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், விண்டோஸ் கூட பாஸ்ன்னு இன்னொண்ணு இருக்கும். அது சி-டாக் உருவாக்கின இந்திய லினக்ஸ். முக்கால்வாசி பேர் அதை அழிச்சுட்டுப் படம் பாத்தோம்! அந்த லேப்டாப் பரண் மேல கிடந்தா எடுங்க. உள்ள வர்ச்சுவல் மெஷின் ஓடாட்டியும், அதுலயே நேரா ஒரு சின்ன லினக்ஸைப் போட்டு உங்க வீட்டு சர்வரா மாத்திடலாம்.

தமிழ்ல படிக்கணுமா? ஐ.ஐ.டி. பம்பாயோட ஸ்போக்கன் டுடோரியல்ல லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரல்ல இலவசமா இருக்கு. கணியம் தளத்துல 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் இலவசம்.

முதல் மாசம் கமாண்ட், யூசர், அனுமதி. ரெண்டாவது மாசம் டிஸ்க், எல்.வி.எம்., நெட்வொர்க். மூணாவது மாசம் சர்வீஸ், ஃபயர்வால், எஸ்.இ.லினக்ஸ். மீதி மூணு மாசம் உடைக்கிறது, சரி பண்றது. ரூட் பாஸ்வேர்டை மறந்த மாதிரி வச்சு மீட்டுப் பாருங்க. தினம் ஒரு மணி நேரம், விடாம.

ஒரு எச்சரிக்கை: கிளவுட்ல பழகுறேன்னு கார்டு கொடுத்து மெஷின் போட்டீங்கன்னா, வேலை முடிஞ்சதும் மறக்காம அழிச்சுடுங்க. நிறுத்தி வச்சா மட்டும் பத்தாது, டிஸ்க்குக்கு பில் ஓடிக்கிட்டே இருக்கும். பட்ஜெட் அலர்ட்டை முதல் நாளே வைங்க.

கோர்ஸ்தான் வேணும்னா இந்த அஞ்சு கேள்வி

எல்லாருக்கும் தனியா உக்காந்து படிக்க வராது. கூட்டமா, ஒரு சார் முன்னாடி இருந்தாதான் வரும்ங்கிறவங்க வழி 2க்குப் போகலாம், தப்பே இல்ல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க:

1. எந்த வெர்ஷன்ல சொல்லித் தர்றீங்க? சென்ட் ஓ.எஸ். 7ன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. அதோட ஆயுள் 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுபோச்சு.
2. ஒவ்வொருத்தருக்கும் தனி லேப் மெஷினா, கிளாஸ் முடிஞ்சும் எவ்வளவு நேரம் கிடைக்கும்?
3. எஸ்.இ.லினக்ஸ் சொல்லித் தருவீங்களா? 'அதை ஆஃப் பண்ணிடலாம்'னு பதில் வந்தா, பரீட்சைக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது.
4. ரெண்டு வாரத்துல நின்னா எவ்வளவு ரீஃபண்ட்? எழுத்துல கொடுங்க.
5. 'ஜாப் கேரண்டி'ன்னா என்ன அர்த்தம்? வேலையா, வெறும் இன்டர்வியூ கால்லா?

இன்னொண்ணு, உங்க கம்பெனியே ஃபீஸ் கட்டுமான்னு எச்.ஆர்.கிட்ட கேளுங்க. கட்டினா எத்தனை மாசம் பாண்டுன்னும் சேர்த்துக் கேளுங்க.

உள்ளூர்ல வேலை இருக்கா?

உண்மையைச் சொல்லணும்னா, நம்ம ஊர் லாரி ஆஃபீஸ், கோழித்தீவனக் கடை, சின்ன மில் எல்லாம் பெரும்பாலும் விண்டோஸும் டாலியும்தான். லினக்ஸ் ஆளுக்கு இடம் இருக்கிறது காலேஜ், பெரிய ஆஸ்பத்திரி, இன்டர்நெட் சர்வீஸ் கொடுக்கிறவங்க, ஐ.டி. கம்பெனிகள். சேலத்துல ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் வளாகம் இருக்கு, கருப்பூர்ல மினி டைடல் பார்க் 2024ல திறந்தாச்சு. ஆனாலும் அதிக வாய்ப்பு பெங்களூரு, சென்னை, கோவைலதான். சம்பள உயர்வு 5,000ன்னு கணக்குப் போட்டு வெளியூர் போய், வாடகை 7,000 ஆனா மாசம் 2,000 நஷ்டம். அதனால ஆஃபர் வரும்போது சி.டி.சி.யைப் பாக்காதீங்க, செலவு போக மிச்சம் என்னன்னு பாருங்க.

என் பரிந்துரை இதுதான். இந்த மாசம் ஒரு ரூபாயும் கட்டாதீங்க. 30 நாள் வீட்டு லேப்ல பழகுங்க. பிடிச்சிருந்தா ஆர்.டி. ஆரம்பிச்சு ஆறு மாசத் திட்டத்துக்குப் போங்க. பிடிச்சிருக்கு ஆனா தனியா வரலன்னா, கடன் இல்லாம கட்ட முடிஞ்ச வார இறுதி கிளாஸைத் தேடுங்க. அவசரகால நிதி மூணு மாசச் செலவுக்குக் கூட இல்லாதவங்க வேலையை விட்டுட்டுப் படிக்கப் போகவே வேண்டாம்.

உங்க சம்பளம், கேட்ட ஃபீஸ் ரெண்டையும் கமெண்ட்ல போடுங்க, இன்ஸ்டிட்யூட் பேர் வேண்டாம். அடுத்த வீடியோவில ரெண்டு மூணு கணக்கை எடுத்துச் சேர்ந்தே போட்டுப் பாப்போம்.