நெடுஞ்சொல்லைப் பிரித்தறிவோம்

மாணவர்களே, ஜோகுபாளையம் என்னும் பெயர் உங்களுக்கு நீளமாகத் தோன்றுவதில்லை. ஜோகு, பாளையம் என இரண்டாகப் பிரித்தே அதனை மனம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஆங்கிலப் பாடத்தில் ஒரு நெடுஞ்சொல் வந்தால் பலர் தயங்கி நின்றுவிடுகிறீர்கள். அத்தயக்கம் நீங்கும் வழியைக் காண்போம்.

ஃபோட்டோகிராஃபர் என்னும் சொல்லை மூவகையாக ஆராயலாம்.

முதலாவது, அசை. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்டு சேர்ந்தொலிக்கும் துண்டு அசையாகும். இது யாப்பிலக்கணத்தின் நேரசை, நிரையசைகளினின்று வேறானது. இச்சொல்லில் நான்கு அசைகள் உள்ளன.

இரண்டாவது, அழுத்தம். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசையும், ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாம் அசையும், ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாம் அசையும் அழுத்தம் பெறும். அழுத்தம் பெறாத அசைகளின் உயிரொலி பெரும்பாலும் மெலியும். தமிழில் அழுத்தத்தால் சொற்பொருள் மாறாது. படம், பாடம் என்பவற்றிற்போலக் குறில் நெடிலால் மாறும். ஆதலால் நாம் ஆங்கிலச் சொற்களையும் எல்லா அசைகளுக்கும் சம அழுத்தம் தந்து ஒலித்துவிடுகிறோம். கேட்பவருக்குச் சொல் விளங்காமற் போகிறது.

மூன்றாவது, பொருளுறுப்பு. கிரேக்க மொழியிலிருந்து வந்த ஃபோட்டோ ஒளியையும், கிராஃப் எழுதுதலையும் வரைதலையும் குறிக்கும். இறுதியில் உள்ள 'அர்' செய்பவரைக் குறிக்கும்.

இவ்வாறு உறுப்புப் பிரித்தல் நமக்குப் புதிதன்று. பதிமூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பகுபத உறுப்புகள் ஆறு என்கிறது. அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் குலத்தவன். நம் பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலாரின் பழம்பெயராகிய குவளாலபுரம் அவன் பட்டப்பெயரில் இடம்பெற்றுள்ளது.

படித்தனர் = படி + த் + த் + அன் + அர்
படி - பகுதி
த் - சந்தி
த் - இறந்தகால இடைநிலை
அன் - சாரியை
அர் - பலர்பால் வினைமுற்று விகுதி

இதனையே ஒலிக்கும்போது ப-டித்-த-னர் என்கிறோம். ஒலி பிரியும் இடம் வேறு. பொருள் பிரியும் இடம் வேறு. முன்னது வாய்விட்டுப் படிக்க உதவும். பின்னது பொருள் உணர உதவும். இரண்டும் கைவந்தால் எந்த நெடுஞ்சொல்லும் எளிதாகும்.

பயிற்சி

1. வாழ்ந்தனர், பாடினான் - உறுப்புகளாகப் பிரித்து எழுதுக.
2. டெலிஃபோன், டெலிஸ்கோப், டெலிவிஷன் - இவற்றின் பொது உறுப்பு எது? தமிழ்ச் சொற்களாகிய தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி ஆகியவற்றோடு ஒப்பிட்டு அதன் பொருளைக் கூறுக.